தாய்மார்களின் சோகை நோய்க்கு மருந்து கண்ட லூசி வில்ஸ்

பரேலில் ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையத்தைக் கடந்து தினமும் வேலைக்குப் போய் வரும் தமிழர்கள் ஏராளம். பிளேக் தடுப்பு மருந்து தயாரித்த இடம் என்ற அளவில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கர்ப்பிணிப் பெண்களுக்கு இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் ஒரு மாத்திரையின் கதையும் இந்தப் பம்பாயில்தான் தொடங்கியது. அதற்குக் காரணமானவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி.

1888-ல் பர்மிங்ஹாம் அருகே பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவர இயலும் நிலவியலும் படித்தார். முதல் உலகப் போர் மூண்டபோது தென்னாப்பிரிக்காவில் இருந்த அவர், அங்கே நர்ஸ் வேலை பார்த்தார். அதன் பிறகே மருத்துவம் படிக்கும் எண்ணம் வந்தது. லண்டனில் படித்து 1920-ல் டாக்டரானார். ஆனாலும் வைத்தியத் தொழில் நடத்தாமல் ஆராய்ச்சிக் கூடத்தையே தேர்ந்துகொண்டார்.

1928-ல் பம்பாய்க்கு வந்தார். கர்ப்ப காலத்தில் வரும் கடுமையான சோகை நோய், மில் தொழிலாளர் குடும்பங்களில் தாயையும் சில சமயம் சேயையும் சேர்த்தே கொண்டுபோய்க் கொண்டிருந்த காலம் அது. இது இரும்புச் சத்துக் குறைவால் வரும் சாதாரணச் சோகை அல்ல. இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் மட்டும் ஊதிப் பெரிதாகியிருந்தன. ஏதோ கிருமிதான் காரணம் என்று எண்ணியவர்களும் உண்டு.

லூசி அம்மையார் முதலில் கேட்டது, இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைத்தான். காய்கறி, பழம், பால் எல்லாம் எட்டாத ஏழைகளிடமே நோய் அதிகம் என்று கண்டார். எலிகளுக்கு அதே உணவைக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. ஆனால் பேன் மூலம் பரவிய ஒரு கிருமியும் அதில் புகுந்து குழப்பிவிட்டது! மனம் தளராமல் குரங்குகளை வைத்துச் சோதித்தார். சாகும் தறுவாயில் இருந்த ஒரு குரங்குக்கு மார்மைட் கொடுத்ததும் அது தேறி எழுந்தது. மார்மைட் என்பது பீர் வடிக்கும் ஈஸ்டிலிருந்து எடுக்கும் கறுப்பு நிறச் சாறு. இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்பார்கள். விலையும் மலிவு.

பிறகு நோயாளிகளுக்கே கொடுத்தார். சில நாட்களில் இரத்தம் ஊறத் தொடங்கியது. இந்த முடிவுகள் 1931-ல் லண்டன் மருத்துவப் பத்திரிகையில் வெளியாயின. இடையே குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் அப்போது கோஷா ஆஸ்பத்திரி என்று வழங்கிய பெண்கள் மருத்துவமனையிலும் அவர் ஆராய்ச்சி செய்தார் என்பது நமக்குத் தனியாகச் சொல்லத்தக்க செய்தி.

ஈஸ்டில் இருந்த அந்தப் பொருள் எது? அது தெரியாமலே வில்ஸ் காரணி என்று பேர் வைத்து உலகம் பத்தாண்டு காத்திருந்தது. 1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் டன் கணக்கில் பசலைக் கீரையைப் பிழிந்து ஒரு அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். இலையிலிருந்து வந்ததால் ஃபோலிக் அமிலம் என்று பேர். சில ஆண்டுகளில் அதைச் செயற்கையாகத் தயாரித்தது லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சிக் குழு. குழுவின் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்! கதர் உடுத்திய பாவத்துக்கு முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர் என்றும் சொல்வார்கள். அவர் கதையை இன்னொரு நாள் பார்ப்போம்.

லூசி அம்மையார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கார் வைத்துக்கொள்ளாமல் சைக்கிளில் போவாராம். ஓய்வு பெற்ற பிறகும் ஜமைக்கா, ஃபிஜி என்று ஏழைகளின் உணவை ஆராயப் புறப்பட்டார். லண்டன் செல்சியில் தொழிற்கட்சிக் கவுன்சிலராகவும் இருந்தார். 1964-ல் காலமானார்.

அவர் மறைந்து 27 ஆண்டுகள் கழித்து, 1991-ல், இன்னொரு உண்மை உறுதியாயிற்று. தாய்க்கு இந்தச் சத்துக் குறைந்தால் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போகும் ஆபத்து கூடுகிறது. அது மூடுவதோ கரு உண்டான முதல் 28 நாட்களுக்குள். பல பெண்களுக்கு நாள் தள்ளிப் போனதே அப்போது தெரிந்திராது. அதனால்தான் பிள்ளைக்கு எதிர்பார்க்கும்போதே மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள் என்கிறார்கள் டாக்டர்கள். நம் வீட்டில் கீரையை நிறம் மாறும்வரை வேகவிட்டுத் தண்ணீரைக் கொட்டுகிறோமே, அந்தத் தண்ணீரோடு போவதும் இதே சத்துதான்.