கண் தெரியாமல் கணக்குப் போட்ட ஆய்லர்

முகங்களையும் முனைகளையும் கூட்டி விளிம்புகளைக் கழித்தால் 2 வரும்னு கணக்குப் புத்தகத்துல படிச்சோமே, அந்த ஆய்லரைப் பற்றித்தான் இந்தப் பக்கம். செல்போனில் பணம் அனுப்பும்போது நடுவில் யாரும் படித்துவிடாமல் காக்கிற கணக்குப் பூட்டுகளில் ஒன்று அவர் கண்டுபிடித்த விதியில்தான் நிற்கிறது. அந்தப் பூட்டைத்தான் இப்போது உலகம் முழுக்க மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். ஏன் என்று அவர் கதையோடு சேர்த்தே சொல்கிறேன்.

லியோனார்டு ஆய்லர் 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் பேசல் நகரில் பிறந்தார். அப்பா பாதிரியார். மகனும் பாதிரியார் ஆகணும்னு அவருக்கு ஆசை. பையனுக்கோ கணக்கு மேலதான் ஆசை. 13 வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துட்டார். (நாம அப்ப எட்டாம் வகுப்பு!) அங்கே இருந்த யோகான் பெர்னூலி பெரிய கணித மேதை. தனியாகப் பாடம் நடத்த அவருக்கு நேரமில்லை. புத்தகத்தைத் தானே படித்துவிட்டு, புரியாததை மட்டும் சனிக்கிழமை மத்தியானம் வந்து கேட்கலாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவிடம் பேசி மனதை மாற்றியதும் அவரேதான்.

20 வயதில், 1727-ல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்துக்கு வேலைக்குப் போனார். கோல்டுபாக் என்ற நண்பர் 1729-ல் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டார். பெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை சொல்லிவிட்டுப் போன விஷயம் அது. 2-ஐ வர்க்கப்படுத்திக்கொண்டே போய் ஒவ்வொன்றிலும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 என்று வரும். எல்லாம் பகா எண்கள். இப்படி வருகிற எல்லாமே பகா எண்தான் என்று பெர்மா நம்பினார். ஆறாவது எண் 429,49,67,297. அது பகா எண்ணா?

சாதாரணமாகப் பார்க்கணும்னா 65,536-க்குள் இருக்கும் 6,542 பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கணும். ஆய்லர் அப்படிச் செய்யல. இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்கணும்னா, அந்தப் பகா எண்ணை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரணும் என்று காட்டினார். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே மாட்டிக்கிச்சு! 641-ஆல் வகுபடும் என்று அவர் 1732-ல் சொன்னபோது வயது 25. நான் ரஃப் நோட்டில் 641-ஐயும் 67,00,417-ஐயும் பெருக்கிப் பார்த்தேன். சரியா வந்தது. பெருக்க ரெண்டு நிமிஷம், பிரிக்கத்தான் ஒரு ஆய்லர் வேணும்.

பூட்டின் ரகசியமே இதுதான். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் என்ற மூன்று பேர், ரெண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த விடையை ஊரறிய வைத்தார்கள். அந்த ரெண்டு எண்ணும் தெரிந்தவர்தான் திறக்க முடியும். இதற்கு உதவியது 1763-ல் வெளியான ஆய்லரின் மீதி விதி. 2, 4, 8, 16 என்று போய் 15-ஆல் வகுத்து மீதியை எழுதிப் பாருங்க. 2, 4, 8, 1, மறுபடி 2, 4, 8, 1. நாலு நாலாகச் சுற்றும். 15 என்பது 3 பெருக்கல் 5 என்று தெரிந்தால், ஒன்று ஒன்று குறைத்து 2-ஐயும் 4-ஐயும் பெருக்கி, எட்டாவது இடத்தில் நிச்சயம் 1 வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். பிரிக்கத் தெரியாதவரால் சொல்ல முடியாது.

ஆனால் இதையே தலைகீழாகவும் செய்யலாம். சுற்று 4 என்று தெரிந்தால் அதில் பாதி 2. 2-இன் வர்க்கம் 4. அதில் 1 கழித்தால் 3, கூட்டினால் 5. பூட்டு திறந்துடுச்சு! (பெரிய எண்ணுக்கு மீப்பெரு பொதுக் காரணியும் எடுக்கணும்.) 617 இலக்க எண்ணுக்குச் சுற்றைக் கண்டுபிடிக்கச் சாதாரணக் கணினியால் முடியாது. குவாண்டம் கணினியால் வேகமாக முடியும் என்று 1994-ல் பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். தெரிந்தவரை அவ்வளவு பெரிய குவாண்டம் கணினி இன்னும் யாரிடமும் இல்லை. ஆனா இன்னிக்குப் பூட்டி அனுப்புறதை யாராவது இப்பவே நகல் எடுத்து வச்சுக்கிட்டு, அந்தக் கணினி வந்ததும் திறக்கலாமே.

எனக்குப் பயமா இருந்தது கேமரா, மின்மீட்டர், ஆஸ்பத்திரிக் கருவி மாதிரி வலையில் இணைந்த சாமான்களைப் பற்றிப் படித்தபோதுதான். சுவரில் மாட்டினால் பத்து வருஷத்துக்கு மேலேயும் அப்படியே இருக்கும். கம்பெனி அனுப்பும் புது மென்பொருளைக் கணக்குக் கையெழுத்து பார்த்துத்தான் ஏற்றுக்கொள்ளும். அந்தக் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட முடிந்தால் திருடன் சொல்வதையும் கேட்கும்.

அதனால் 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் மூன்று புது முறைகளை அறிவித்தது. அதில் ஒன்றை நம்ம சமன்பாட்டுப் பாடம் மாதிரி நினைச்சுக்கலாம். நூற்றுக்கணக்கான மாறிகள், ஒவ்வொரு சமன்பாட்டிலும் வேணும்னே கலந்த ஒரு சின்னப் பிழை. அந்தப் பிழையால் சாதாரணமாகத் தீர்க்க முடியாது. குவாண்டம் கணினிக்கும் இதற்குக் குறுக்குவழி இதுவரை கிடைக்கவில்லை. ஆனா இடம் நிறைய பிடிக்குது. பழைய முறை ஒன்றில் 64 பைட்டில் முடிந்த கையெழுத்து, புது முறை ஒன்றில் 2,420 பைட். குட்டி மீட்டருக்குள் இதை எப்படி அடக்குவது என்பதுதான் இப்போது பெரிய வேலை.

ஆய்லர் கதைக்கு வருவோம். 1738-ல் வலது கண் போயிடுச்சு. 1741-ல் பெர்லின் போனார். அங்கே பிரெடரிக் ராஜாவே அவர் ஒற்றைக் கண்ணைக் கேலி செய்தாராம். எனக்குக் கோபம் கோபமா வந்தது. 1766-ல் ரஷ்யா திரும்பினார். இடது கண்ணிலும் புரை விழுந்தது. 1771-ல் வீடு தீப்பிடித்தபோது பேசல் ஊர்க்காரர் ஒருவர் அவரைத் தூக்கி வந்து காப்பாற்றினார். பிறந்த 13 குழந்தைகளில் பிழைத்தவர்கள் 5 பேர்தான். இவ்வளவுக்கும் நடுவில் அவர் மனசிலேயே கணக்குப் போட்டுச் சொல்ல, மகன்களும் மாணவர்களும் எழுதினார்கள். 1775-ல் வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டுரைகள்! 214,74,83,647 பகா எண்தான் என்று 1772-ல் அவர் உறுதி செய்தபோது பார்வையே இல்லை.

1783 செப்டம்பர் 18. பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்த வருஷம் புதிதாகப் பறந்த பலூன் எப்படி மேலே போகும் என்று சிலேட்டில் கணக்குப் போட்டார். அப்போது புதிதாகக் கண்டுபிடித்திருந்த யுரேனஸ் கோளின் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டு இருந்தார். திடீரென்று மயங்கிச் சாய்ந்தார், அன்றே இறந்துபோனார். வயது 76.