பாட்டனைத் தேடிய பேரன்: ஆபிரகாம் லிங்கன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பதினாறாவது ஜனாதிபதியாய் விளங்கிய ஆபிரகாம் லிங்கனின் பெயரை அறியாத பழைய மாணவர் எம்முள் ஒருவரும் இரார். மரக்குடிசையிற் பிறந்தவர், வறுமையிற் படித்தவர், அடிமைத்தளையை அறுத்தவர் என்னும் அளவில் அவர் வரலாறு வகுப்பறைகளிற் சொல்லப்பட்டு வருகின்றது. அவர் தம் முன்னோரைத் தேடிய செய்தியோ அத்துணை பரவவில்லை. அதனையே யாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

1848ஆம் ஆண்டில் லிங்கன் காங்கிரஸ் உறுப்பினராய் இருந்தபோது, மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஹிங்ஹாம் ஊரவராகிய சொலமன் லிங்கன் என்பார் அவருடைய குலமரபைப் பற்றி வினவினார். விடையிறுக்கப் புகுந்தவரிடம் சொல்லுதற்கு அதிகம் இருக்கவில்லை. பாட்டனார் பெயரும் ஆபிரகாம். அவர் 1782ஆம் ஆண்டளவில் வேர்ஜீனியாவிலிருந்து கென்ரக்கிக் காட்டுக்குக் குடிபெயர்ந்தார். ஈராண்டின் பின் செவ்விந்தியராற் கொல்லப்பட்டார். அவ்வளவே. தம் தந்தையார் ஆறு வயதில் அநாதையாகி எழுத்தறிவின்றி வளர்ந்தமையே தமது அறியாமைக்குக் காரணம் என்று அவர் கருதினார். அவ்வாண்டிலேயே வேர்ஜீனியாவில் வாழ்ந்த டேவிட் லிங்கன் என்பாருக்கும் எழுதி விவரங் கேட்டார். பெயர் பெற்ற வழக்கறிஞராகிய ஒருவர், தம் பாட்டனாருடைய வரலாற்றை அயலூராரிடம் கேட்டறிய வேண்டியிருந்ததை நினைக்கும்போது எம் நெஞ்சம் நெகிழ்கின்றது.

அவர் வாயால் அறியாததைக் காணிப் பத்திரங்கள் பின்னாளில் உரைத்தன. கென்ரக்கியில் லோங் றன் என்னும் ஓடைக்கரையில் 400 ஏக்கர் நிலம் பாட்டனார் பேரில் 1785ஆம் ஆண்டில் அளக்கப்பட்டுள்ளது. ஆகவே அவர் 1784இல் இறந்திருத்தல் இயலாது. அவர் இறந்தது 1786இல் என்பதே இன்று கொள்ளப்படுவது. அந்நில அளவைப் பத்திரத்திற் பெயர் லிங்கன் என்றில்லை. லிங்க்ஹார்ன் என்றே காணப்படுகின்றது. எழுதியவர் தம் செவிக்குப் பட்டவாறு எழுதிவிட்டார் போலும். இஃது எமக்கு வியப்பளிக்கவில்லை. எம் வீட்டுப் பெட்டகத்திலுள்ள மூன்று உறுதிகளில் எம் பாட்டனார் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கக் கண்டோம். அவற்றுள் எதனை அவர் தம் பெயராகக் கொண்டார் என்பதைச் சொல்ல இன்று எவருமில்லை.

பாட்டனார் வயலிற் பாடுபட்டுக்கொண்டிருந்தபோது சுடப்பட்டு வீழ்ந்தார். அருகில் நின்ற சிறுவன் தோமஸை நோக்கிப் பகைவன் ஒருவன் வர, மூத்த மகன் மோர்டிகாய் குடிசையிலிருந்து அவனைச் சுட்டுத் தம்பியைக் காத்தான் என்பது குடும்பத்தார் வழிவழி சொல்லி வந்த செய்தி. அக்காலச் சட்டப்படி தந்தையின் நிலம் மூத்தவனுக்கே உரியதாயிற்று. உயிர்தப்பிய தோமஸ் கூலிவேலை செய்தும் தச்சுத்தொழில் பழகியும் வளர்ந்தார். அவரே நம் லிங்கனின் தந்தையார்.

தோமஸ் கென்ரக்கியில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று காணிகளைக் கைக்கொண்டார். மூன்றிலும் எல்லைக் குழப்பமோ உரித்து வழக்கோ அவரைத் தொடர்ந்தது. அந்நாட்டில் அரசினர் முறையாக அளந்து நிலம் விற்கவில்லை. மரமும் பாறையும் ஓடையுமே எல்லைகள். மரம் பட்டுப்போனால் எல்லையும் போயிற்று. ஒரே நிலத்துக்கு இருவர் மூவர் பத்திரம் வைத்திருந்தனர். வேலிச் சண்டைக்குப் பேர்போன எம் ஊரார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1816ஆம் ஆண்டில் குடும்பம் இந்தியானாவுக்குப் பெயர்ந்தது. அடிமை முறையும் ஓரளவு காரணமாயினும், காணி உரித்தின் தொல்லையே முதற்காரணம் என லிங்கன் பின்னர் எழுதிவைத்தார். அங்கே அரசினர் சதுரமாக அளந்துவைத்த நிலத்தில் 160 ஏக்கரைத் தோமஸ் 1817இற் பதிந்தார். பணம் முற்றாகக் கட்ட முடியாமையால், 1827இற் பாதியைக் கைவிட்டு 80 ஏக்கருக்கே உரித்தாளி ஆனார்.

மகன் 1833இல் இலினோயில் நில அளவையாளருக்கு உதவியாளராய் அமர்ந்தார். எல்லை பிழைத்தமையால் அலைந்த தந்தையின் மகன் எல்லை அளக்கும் சங்கிலியைக் கையில் எடுத்தான்! 1862ஆம் ஆண்டில் ஜனாதிபதியாய் அவர் கையொப்பமிட்ட குடியேற்ற நிலச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிரிடுவோர்க்கு வழங்கிய அளவும் 160 ஏக்கரே. அடுத்த ஆண்டின் முதல் நாளில் அடிமை விடுதலைப் பிரகடனம் வெளிவந்தது. 1865 ஏப்பிரல் 14ஆந் தேதி சுடப்பட்டு மறுநாட் காலை அவர் இறந்தார்.

ஹிங்ஹாமுக்கு 1637இல் இங்கிலாந்திலிருந்து வந்த சாமுவேல் லிங்கனே தம் குலமுதல்வர் என்பதை அவர் அறியாமலே மறைந்தார். வினவி எழுதிய சொலமனின் ஊரே தம் வேர் பதிந்த ஊர் என்பதும் அவர்க்குத் தெரியாது போயிற்று. மரணசாசனங்களையும் உறுதிகளையும் ஒப்புநோக்கியே பின்வந்தோர் அத்தொடர்பை நிறுவினர்.

இன்னும் ஒன்று உண்டு. அவருடைய தாய்தந்தையர் முறைப்படி மணந்தவரல்லர் என்னும் அலர், அவர் வாழ்நாளிலும் அதன் பின்னும் உலாவியது. குடும்பம் வாழ்ந்த ஹார்டின் பகுதிப் பதிவுகளிலேயே தேடியவர்க்கு ஒன்றும் கிட்டவில்லை. 1878ஆம் ஆண்டில், அயற்பகுதியாகிய வாஷிங்டன் கவுண்டியின் நீதிமன்றக் கட்டுகளுள், தோமஸ் லிங்கனும் நான்சி ஹாங்க்ஸும் 1806 யூன் 12இல் மணந்துகொண்டதற்குரிய சான்று கண்டெடுக்கப்பட்டது. அப்போது மகன் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.