மாசி 20: அய்யா வைகுண்டரின் திருச்செந்தூர் பயணம்

மில்லர்புரத்து அன்புக்கொடி மக்களுக்குத் திருச்செந்தூர் தூரமில்லை. பஸ் ஏறினால் பழையகாயல், முக்காணி, ஆறுமுகநேரி, காயல்பட்டினம் தாண்டி 40 கிலோமீட்டர். கைப்பிள்ளையோடும் கட்டுச்சோற்றோடும் ஏறிய தாய்மார்கள் ஒரு மணி நேரம் கொஞ்சம் கூடக்குறைய அவதாரப்பதி முன்னே இறங்கிவிடலாம். 1833-ம் ஆண்டு மாசி மாதம் தெற்கேயிருந்து அதே கடற்கரைக்குப் புறப்பட்ட ஒரு ஏழைக் குடும்பத்துக்கு வழி அவ்வளவு இலேசாக அமையவில்லை. அவர்கள் நோயாளியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள்.

அந்த நோயாளிக்கு அப்போது வயது 24. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், இன்று சுவாமிதோப்பு என்று நாம் கும்பிடும் ஊரில், பொன்னுமாடன், வெயிலாள் தம்பதிக்கு 1809-ல் பிறந்த பிள்ளை. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறிப் பிழைக்கும் சாதியில் பிறந்த குழந்தைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியார் பொறுக்கவில்லை. பெயரை மாற்றி முத்துக்குட்டி என்று அழைக்க வேண்டியதாயிற்று. பெற்ற பிள்ளைக்குப் பிடித்த பெயர் வைக்கவும் உரிமை இல்லாத காலம் அது. தலைக்கு வரி, ஏறும் பனைக்கு வரி, கூலியில்லாத ஊழிய வேலை. ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. சான்றோர் குலம் பட்ட பாட்டை அகிலத்திரட்டு ஏட்டு வாசிப்பில் கேட்டவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

முத்துக்குட்டி பக்தியுள்ள பிள்ளையாக வளர்ந்தார். வீட்டிலேயே பீடமிட்டு நாராயணரைக் கும்பிட்டு வந்தார். திருமாலம்மாளை மணந்து, காட்டிலும் பனையிலும் பாடுபட்டுக் குடும்பம் நடத்தினார். இந்த நிலையில் 22 வயது ஆனபோது நோய் வந்தது. உழைத்துப் போட்ட கை படுக்கையில் விழுந்தது. மருந்தும் மந்திரமும் பார்த்தும் குறையவில்லை. உழைக்கிறவர் படுத்தால் கூலி வீட்டில் என்ன மிஞ்சும் என்பது நம் மக்களுக்குத் தெரியும். வரி கேட்க வருகிறவன் நோய் பார்த்து நிற்க மாட்டான்.

நாளாக நாளாக உடம்பு எலும்பும் தோலுமாயிற்று. அப்போதுதான் தாய் வெயிலாள் ஒரு கனவு கண்டார். திருச்செந்தூரில் மாசித் திருவிழா நடக்கிறது, அங்கே உன் மகனைக் கொண்டுவந்தால் பிணி தீரும், பெரும் பேறும் உண்டாகும் என்று நாராயணர் கனவில் சொன்னதாக அகிலம் கூறுகிறது. விடிந்ததும் அந்தத் தாய் உறவின்முறையைக் கூட்டிக் கனவைச் சொன்னார். நடக்க முடியாதவரை எப்படிக் கொண்டுபோவது? தொட்டில் கட்டினார்கள். பச்சைப்பிள்ளையைப் போடுகிற தொட்டிலில் வளர்ந்த மகனைக் கிடத்தித் தோளில் தூக்கினார்கள்.

சுவாமிதோப்பிலிருந்து திருச்செந்தூர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். திருவிதாங்கூர் எல்லை தாண்டினால் கும்பெனியார் ஆண்ட திருநெல்வேலிச் சீமை. இடையில் கிடப்பது செந்தேரி மணல், உடைமரம், பனங்காடு. மாசி வெயிலில் தேரி மணலில் வெறுங்காலோடு ஒரு பர்லாங் நடந்து பார்த்தவர்களுக்கே அந்தச் சூடு புரியும். தோளில் பாரம் வேறு. சுமந்தவர்கள் சலித்துக்கொண்டிருந்தால் அதில் தப்பு சொல்ல முடியாது. போய்ச் சேருகிற இடத்திலும் கோவில் வாசல் இவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததே 1939-ல்தான். கோவிலுக்கு வெளியே நின்று கும்பிடலாம், கடலில் குளிக்கலாம், அவ்வளவுதான். அது தெரிந்தேதான் வெயிலாள் மகனைக் கொண்டுவந்தார். கடலுக்குப் பூட்டில்லையே.

வழியில் ஓரிடத்தில் தொட்டிலை இறக்கி வைத்துவிட்டுச் சோறுண்ண அமர்ந்தார்கள். அந்நேரம், எழுந்து உட்காரவும் மாட்டாமல் கிடந்தவர் தாமே எழுந்தார், நடந்தார். கூட வந்தவர்கள் திகைத்துப் பின்னால் ஓடினார்கள். தாய்க்கு அந்தக் கணத்தில் வந்த சந்தோஷத்தை எழுதி முடியாது. நோய் விட்டது, கனவு பலித்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். திருச்செந்தூர் வந்து சேர்ந்ததும் அவர் கடலை நோக்கிப் போனார், அலைக்குள் இறங்கினார், மேலும் உள்ளே போனார். தலை மறைந்தது. திரும்ப எழவில்லை.

முன்பெல்லாம் நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிக்க இறங்கியவர் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கிக் கீழே போவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு நிமிடம், கொஞ்சம் கூடுதல், அதற்குள் கயிறு அசையும், மேலே இழுத்துவிடுவார்கள். அந்தத் தாயின் கையில் கயிறும் இல்லை. ஒரு நாள் போயிற்று. சொந்தக்காரர்கள் தேடினார்கள், அழுதார்கள், கடல் கொண்டுபோய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று அழைத்தார்கள். வெயிலாள் போகவில்லை. அவர்கள் போனார்கள்.

நோய் வந்தது ஒரு கேடு, கையிலிருந்ததெல்லாம் கரைந்தது ஒரு கேடு, கடைசியில் குணமாகக் கொண்டுவந்த இடத்திலேயே பிள்ளை மறைந்தது எல்லாவற்றிலும் பெரிய கேடு. கனவு கண்டு கூட்டி வந்தவரும் அவரேதான். ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆறுதல் சொல்ல ஆளில்லாமல் அலை பார்த்து அழுதுகொண்டு அந்த மணலில் இருந்தார். அய்யாவின் பெருமையைப் பேசும்போது இந்தத் தாயின் இருப்பை நாம் வேகமாகக் கடந்துபோய்விடுகிறோம். அது சரியில்லை.

கரையில் அழுகை இருந்த அந்நேரத்தில் கடலுக்குள்ளே நடந்தது வேறு. நாராயணர் பாற்கடலில் வைகுண்டரைப் பிள்ளையாகப் பிறப்பித்து, விஞ்சை கொடுத்து, கலியை முடிக்க உலகுக்கு அனுப்பினார் என்பது அகிலம். மூன்றாம் நாள், கொல்லம் 1008 மாசி 20 அன்று, அலை விலக அய்யா எழுந்தருளினார். வெயிலாள் மகனே என்று ஓடிக் கட்டித் தழுவப் போனார். அய்யா தள்ளி நின்றார். 1008-க்கு முன்னே நீ தாய், இப்போது நான் நாராயணர் பிள்ளை என்று அவருக்கு விளங்கச் சொன்னார். மூன்று நாள் காத்திருந்தவருக்கு மகன் கிடைத்தார், ஆனால் மகனாகக் கிடைக்கவில்லை. பெற்ற மனம் அதை உடனே ஏற்றிருக்குமா? ஏற்க முடியாமல் அவர் கலங்கியதையும் ஏடு மறைக்கவில்லை.

பிறகு அய்யா தெச்சணம் நோக்கி வந்த வழியே நடந்தார். அதே தேரி, அதே வெயில். சுமக்க யாரும் வேண்டியிருக்கவில்லை. பூவண்டன் தோப்பில் ஆறு ஆண்டு தவமிருந்தார்: குழிக்குள் இரண்டாண்டு, தரையில் இரண்டாண்டு, பீடத்தின் மேல் இரண்டாண்டு. 1838-ல் சுவாதித் திருநாள் ராஜா காலத்தில் சேவகர் வந்து பிடித்துப்போனார்கள். சுசீந்திரத்திலும் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையிலும் கொடுமை பல செய்து பார்த்தார்கள். மறுவருடம் மாசியில் விடுவிக்க வேண்டியதாயிற்று. அதன்பின் 700 குடும்பங்களை வாகைப்பதிக் கடற்கரையில் துவையல் தவசு இருக்க வைத்தார். தலைப்பாகை கட்டக் கூடாது என்ற மக்களைத் தலைப்பாகையோடு வந்து கும்பிடச் சொன்னார். முத்திரிக்கிணற்றுத் தண்ணீரை எல்லாச் சாதியும் ஒன்றாகக் குளித்துக் குடித்தது. 1851 வைகாசி 21-ல் வைகுண்டம் ஏகினார்.

இன்று மாசி 20 என்றால் தூத்துக்குடி மாவட்டத்துக்கே விடுமுறை. விடியற்காலையில் அவதாரப்பதிக் கடலில் மக்கள் இறங்கிப் பதமிட்டு, திருநாமம் இட்டு, பணிவிடை காண நிற்கிறார்கள். நடக்க மாட்டாத பெரியவர்களைப் பிள்ளைகள் கைத்தாங்கலாக அழைத்து வருகிறார்கள். சுவாமிதோப்புத் தலைமைப்பதியில் வைகாசி, ஆவணி, தை மாதங்களில் 11 நாள் திருவிழா. கருடன், குதிரை என்று அய்யா பவனி வரும் வாகனங்கள் பல. அவற்றில் தொட்டில் வாகனமும் ஒன்று.

அய்யா உண்டு.