தானே எழுதி, தானே வெளியிட்டவர்: வை. மு. கோதைநாயகி அம்மாள்

பிள்ளைகளே, ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்க. அட்டையில் எழுதியவர் பெயர் இருக்கும். உள்ளே வெளியிட்டவர் பெயர் இருக்கும். பெரும்பாலும் இரண்டும் வேறு வேறு பெயர்கள். ஒருவர் கதையை எழுதுவார். இன்னொருவர் தாள் வாங்குவார், அச்சடிக்கப் பணம் கொடுப்பார், கடைகளுக்கு அனுப்புவார். புத்தகம் விற்றால் அவருக்கு லாபம். விற்காவிட்டால் நஷ்டமும் அவருக்குத்தான்.

எழுதியவரே வெளியிடவும் செய்தால்? அப்போது கதைக்கும் அவர்தான் பொறுப்பு, கணக்குக்கும் அவர்தான் பொறுப்பு. லேசான வேலையா? இல்லவே இல்லை! அந்த வேலையை 35 ஆண்டுகள் விடாமல் செய்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்தப் பாடம். அவர் பெயர் வை. மு. கோதைநாயகி அம்மாள்.

பள்ளிக்கூடம் போகாத பெண்

கோதைநாயகி 1901 டிசம்பர் 1 அன்று பிறந்தார். காஞ்சிபுரத்துப் பக்கம் உள்ள நீர்வளூர் அவர்கள் ஊர். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டார். உறவினர்கள்தான் குழந்தையை வளர்த்தார்கள்.

ஐந்தரை வயதில் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஆமாம், ஐந்தரை வயதில்! மாப்பிள்ளை பார்த்தசாரதியும் சின்னப் பையன்தான். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அப்படிச் செய்தார்கள். இப்போது அது சட்டப்படி குற்றம். கோதைநாயகியின் புகுந்த வீடு சென்னையில் திருவல்லிக்கேணியில் இருந்தது. அந்தக் குடும்பத்தின் பெயர்தான் 'வைத்தமாநிதி முடும்பை'. அதன் முதல் எழுத்துகள்தான் அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் 'வை. மு.'

அவர் பள்ளிக்கூடம் போனதே இல்லை. ஆனால் காது நல்லாக் கேட்டது. வாய் நல்லாப் பேசியது. வீட்டில் பாசுரங்களும் புராணக் கதைகளும் கேட்டுக் கேட்டு மனசில் பதிந்தன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அவர் கதை சொல்வார். கேட்ட கதை தீர்ந்துபோனால்? தானே புதுசாக ஒன்று கட்டிச் சொல்வார்!

கணவர் பார்த்தசாரதி அவரை நாடகம் பார்க்க அழைத்துப் போவார். நாடகங்களைப் பார்த்ததும் கோதைநாயகிக்குத் தானும் ஒன்று எழுத வேண்டும் என்ற ஆசை வந்தது. ஆசை இருந்தது, கதையும் இருந்தது. ஆனால் தமிழில் தடையில்லாமல் எழுத அவருக்குத் தெரியாது. என்ன செய்வது?

அவருக்குப் பட்டம்மாள் என்று ஒரு தோழி இருந்தார். கோதைநாயகி வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் தாளில் எழுதினார். இப்படித்தான் 'இந்திர மோகனா' என்ற நாடகம் பிறந்தது. 1924இல் அது புத்தகமாக அச்சாகி வந்தது. படித்தவர்கள் பாராட்டினார்கள். பிறகு கோதைநாயகி எழுத்தையும் கற்றுக்கொண்டார். சொல்லிக்கொண்டிருந்த கை, பேனாவைப் பிடித்தது.

நின்றுபோன பத்திரிகையை வாங்கினார்

தமிழில் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல்தான் அச்சானது. அதனால் கோதைநாயகியின் காலத்தில் நாவல் என்பது இன்னும் புதுச் சரக்குதான். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி அய்யங்கார் போன்றவர்களின் கதைகளை மக்கள் ஆவலோடு வாங்கிப் படித்தார்கள். ஆனால் ஒரு பெண், அதுவும் பள்ளிக்கூடம் போகாத பெண், நாவல் எழுதினால் யார் வெளியிடுவார்?

அந்த நேரத்தில் 'ஜகன்மோகினி' என்று ஒரு மாத இதழ் இருந்தது. வேறொருவர் அதைத் தொடங்கி, நடத்த முடியாமல் நிறுத்திவிட்டார். வடுவூர் துரைசாமி அய்யங்கார் கோதைநாயகிக்கு உற்சாகம் கொடுத்தார். கணவரும் கூட நின்றார். 1925இல் கோதைநாயகி அந்த இதழை வாங்கி, தன் பொறுப்பில் வெளியிட ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது 23.

இனி அவர் கதைக்கு யாரிடமும் போய் அனுமதி கேட்கத் தேவையில்லை. 'வைதேகி' என்ற அவருடைய முதல் நாவல் ஜகன்மோகினியில் தொடராக வந்தது. தொடர்கதை என்றால் தெரியும் இல்லையா? ஒரு மாதம் ஒரு பகுதி. மீதி அடுத்த மாதம். அடுத்து என்ன ஆகுமோ என்று வாசகர் காத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தவர்கள் மாதாமாதம் அதிகமானார்கள்.

ஓர் இதழுக்குப் பின்னால் எவ்வளவு வேலை!

இப்போது கணினியில் தட்டினால் எழுத்து வந்துவிடும். அப்போது அப்படி இல்லை. ஒவ்வோர் எழுத்தும் ஈயத்தால் வார்த்த ஒரு சின்னத் துண்டு. அச்சுக் கோப்பவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரிசையாக அடுக்குவார். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி இருக்கும்! ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. தமிழுக்கோ 247. எத்தனை சின்னப் பெட்டிகளில் தேட வேண்டியிருக்கும், யோசிச்சுப் பாருங்க.

அடுக்கிய பிறகு ஒரு தாளில் அடித்துப் பார்ப்பார்கள். அதற்கு 'புரூப்' என்று பெயர். அதில் பிழை திருத்த வேண்டும். பிறகு முழுவதும் அச்சடித்து, மடித்து, தைத்து, அட்டை ஒட்ட வேண்டும். சந்தா கட்டியவர்களின் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்ப வேண்டும். சந்தா தீர்ந்தவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். தாள் கடைக்கும் பணம், அச்சகத்துக்கும் பணம், தபாலுக்கும் பணம்.

சந்தாப் பணம் வருவது எப்போது? அது வாசகர் மனசைப் பொறுத்தது. செலவு மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும். சொந்தமாக வெளியிடுவதில் இருக்கிற கஷ்டம் இதுதான். கதை எவ்வளவு நல்லா இருந்தாலும், கணக்கு இடித்தால் அடுத்த இதழ் வராது.

கோதைநாயகி இந்த வேலைகளைக் கற்றுக்கொண்டார். பின்னாளில் சொந்தமாக அச்சகமும் வைத்தார். ஜகன்மோகினியில் அவர் மட்டுமே எழுதவில்லை, மற்றப் பெண்களுக்கும் இடம் கொடுத்தார். வீட்டுக்குள்ளேயே இருந்த பல பெண்களின் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது.

புகழும் வந்தது, பேச்சும் வந்தது

எல்லோரும் பாராட்டினார்களா? இல்லை. ஒரு பெண் எழுதுவதே சிலருக்குப் பிடிக்கவில்லை. பத்திரிகை நடத்துவதும், மேடை ஏறிப் பேசுவதும் இன்னும் பிடிக்கவில்லை. கேலி பேசினார்கள், ஏசினார்கள். அவர் அதற்கெல்லாம் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த இதழைத் தயார் செய்தார்.

அவருடைய கதைகளில் விதவைப் பெண்களின் துன்பம், வரதட்சணை, குடிப்பழக்கம் எல்லாம் வரும். துப்பறியும் சம்பவங்களும் வரும். புத்திமதி கொஞ்சம் அதிகம் என்று குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் சாதாரண வீட்டுப் பெண்கள் அந்தக் கதைகளில் தங்களையே பார்த்தார்கள்.

1925இல் அவர் காந்தியடிகளைச் சந்தித்தார். அதன்பிறகு பட்டுப் புடவையையும் நகைகளையும் விட்டுவிட்டு, கதர் உடுத்தத் தொடங்கினார். அவர் நல்லாப் பாடுவார். கூட்டங்களில் பாடினார், பேசினார். 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணிக்கடை மறியலிலும் கலந்துகொண்டு சிறைக்குப் போனார்.

சிறைக்குள் போனால் எழுத்து நின்றுவிடும் என்று நினைக்கிறீர்களா? நிற்கவில்லை. அங்கேயும் அவர் நாவல் எழுதினார்.

1930களின் கடைசியில் அவர் கதைகள் சினிமாவாகவும் வந்தன. 'அநாதைப் பெண்' அவற்றில் ஒன்று. தமிழ் சினிமா பேசத் தொடங்கியே சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

தாள் கிடைக்காத காலம்

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. போர் நடந்தது தூரத்தில்தானே, கதைப் பத்திரிகைக்கு என்ன கஷ்டம் என்று கேட்கலாம். அச்சடிக்கும் தாள் கிடைக்கவில்லை! கிடைத்த தாளும் விலை ஏறிப்போனது. எவ்வளவு தாள் வாங்கலாம் என்பதற்கும் அரசு கட்டுப்பாடு வைத்தது.

1942இல் சென்னையில் குண்டு விழும் என்ற பயம் பரவியது. ஆயிரக்கணக்கான மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். கோதைநாயகி குடும்பமும் செங்கல்பட்டுப் பக்கம் உள்ள சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போனது. அவர் ஜகன்மோகினியைக் கைவிடவில்லை. அந்தச் சின்ன ஊரிலிருந்தே இதழை நடத்தினார்.

போர் முடிந்தது. 1947இல் நாடும் விடுதலை பெற்றது. ஆனால் வாசகர்கள் மெல்ல மாறிக்கொண்டிருந்தார்கள். படம் போட்ட பெரிய வாரப் பத்திரிகைகள் வந்துவிட்டன. புது எழுத்தாளர்கள் புது மாதிரி எழுதினார்கள். ஒரு காலத்தில் எல்லோரும் தேடிப் படித்த நடை, இப்போது பழசாகத் தெரிந்தது. பெரிய பத்திரிகைக்கு ஒரு எழுத்தாளர் போனால் இன்னொருவர் வருவார். ஒருவரே எழுதி, ஒருவரே நடத்தும் பத்திரிகைக்கு அந்த வசதி இல்லை. அவர் சோர்ந்தால் பத்திரிகையும் சோரும்.

1956இல் அவருடைய மகன் சீனிவாசன் இறந்துபோனார். அந்தத் துக்கத்திலிருந்து கோதைநாயகி மீளவில்லை. காசநோயும் வந்தது. 1960 பிப்ரவரி 20 அன்று அவர் காலமானார். அவரோடு ஜகன்மோகினியும் நின்றது.

பிறகு என்ன ஆனது?

அவர் எழுதிய நாவல்கள் 115. ஆனால் சொந்தமாக வெளியிட்ட புத்தகங்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. வெளியிட்டவர் போய்விட்டால், மறுபடி அச்சடிக்க ஆள் இருக்காது. அவருடைய பல நாவல்கள் அப்படித்தான் கடைகளில் கிடைக்காமல் போயின. பழைய நூலகங்களில் தேடினால் சிலவற்றைப் பார்க்கலாம்.

ஒரு கதை மட்டும் வேறு வழியில் திரும்பி வந்தது. அவருடைய 'தயாநிதி' என்ற நாவலை வைத்து 1966இல் 'சித்தி' என்ற படம் எடுத்தார்கள். பத்மினி நடித்த அந்தப் படம் நன்றாக ஓடியது. உங்க தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்க, அவங்க பார்த்திருப்பாங்க. கதையை எழுதியவர்தான் அதைப் பார்க்க இல்லை.

உங்களில் சிலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. கோதைநாயகிக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. எழுத்து வரட்டும், அப்புறம் கதை சொல்லலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. சொல்ல ஆரம்பித்தார். எழுத ஒரு தோழி கிடைத்தார்.

சொற்பொருள்

அச்சகம் – புத்தகம் அச்சடிக்கும் இடம்
சந்தா – இதழைத் தொடர்ந்து பெற முன்கூட்டியே கட்டும் பணம்
பாசுரம் – ஆழ்வார்கள் பாடிய பாட்டு
மறியல் – ஒரு செயலை எதிர்த்து வழியில் நின்று தடுப்பது
கதர் – கையால் நூற்ற நூலில் கையால் நெய்த துணி
காசநோய் – நுரையீரலைத் தாக்கும் ஒரு நோய்

பதில் சொல்லுங்க

1. 'இந்திர மோகனா' நாடகத்தைத் தாளில் எழுதியவர் யார்? ஏன்?
2. 'வை. மு.' என்ற எழுத்துகள் எதைக் குறிக்கின்றன?
3. தமிழில் அச்சுக் கோப்பது ஏன் கடினம்?
4. உலகப் போரால் ஜகன்மோகினிக்கு வந்த இரண்டு கஷ்டங்கள் எவை?
5. எழுதியவரே வெளியிடுவதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் சொல்லுங்க.

செய்து பார்ப்போம்

இரண்டு இரண்டு பேராகச் சேருங்க. ஒருவர் ஒரு சின்னக் கதையைத் தமிழில் சொல்லட்டும். மற்றவர் அதை எழுதட்டும். பிறகு இடம் மாறிக்கொள்ளுங்க. எல்லாக் கதைகளையும் சேர்த்து, மடித்து, தைத்து, உங்க வகுப்பு இதழை நீங்களே வெளியிடுங்க. இதழுக்கு ஒரு பெயரும் வையுங்க!