கூட்டிக் கிடைத்த 28 வருஷங்கள்



புற்றுநோய் என்ற பெயரைக் கேட்டாலே இன்றைக்கும் நம்முடைய வீடுகளில் பேச்சு அடங்கிப் போகிறது. மயக்க மருந்தே இல்லாத ஒரு காலத்தில் இந்த வியாதியின் கையில் விழுந்து எழும்பிய ஒரு தாயாரின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

ஃபானி பர்னி அம்மையார் 1752-ம் ஆண்டு இங்கிலாந்து தேசத்தில் பிறந்தார். தகப்பனார் பேர்பெற்ற சங்கீத வித்துவான். 1778-ல் பெயர் போடாமல் வெளியிட்ட முதல் நாவலாலேயே லண்டன் பட்டணம் முழுவதும் அறியப்பட்டார். ஐந்து வருஷம் ராணியின் அரண்மனையில் வேலை பார்த்தார். 1793-ல் பிரான்சு தேசத்து ராணுவ அதிகாரி ஒருவரை விவாகம் செய்தார். ஒரே மகன். 1802-ல் குடும்பமாய் பிரான்சுக்குப் போனார்கள். யுத்தம் மூண்டதால் பத்து வருஷம் ஊர் திரும்ப வழியில்லாமல் போயிற்று.

1810 ஆகஸ்டில் மார்பில் சின்னதாய் ஒரு வலி. தானாய் சரியாப் போயிடும் என்று இருந்துவிட்டார். டாக்டரைப் பார்க்கும்படி கணவர் வற்புறுத்தியும் மனம் வரவில்லை. வலியோ வாரத்துக்கு வாரம் கூடியது. கடைசியில் நெப்போலியனின் படை வைத்தியரான லாரே பார்த்தார். புற்றுநோய், மார்பை எடுத்தாக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

1811 செப்டம்பர் 30. அன்று காலையில்தான் தகவல் வந்தது. கணவர் இதைப் பார்த்துத் தாங்கமாட்டார் என்று அவரை வெளியே இருக்கும்படி ஏற்பாடு செய்தார். கறுப்பு உடையில் ஏழு பேர் வீட்டுக்குள் வந்தார்கள். குடிக்கக் கொஞ்சம் திராட்சரச மருந்து, முகத்தின்மேல் ஒரு மெல்லிய கைக்குட்டை, அவ்வளவுதான். அந்தத் துணி வழியாகவே கத்தி மின்னுவது தெரிந்தது. அழுகையை அடக்கக் கூடாது, அடக்கினால் கெடுதல் என்று டாக்டர்களே முன்கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அம்மையார் வாய்விட்டுக் கதறினார். இருபது நிமிஷம் நடந்தது. முடிந்து கண் திறந்தபோது, லாரேயின் முகமும் வெளிறிப் போயிருந்தது.

புண் ஆறியது, மனசு சீக்கிரம் ஆறவில்லை. மாதக்கணக்காய் அதைப்பற்றிப் பேசவே முடியவில்லை. நடந்ததைத் தன் அக்காளுக்குக் கடிதமாய் எழுதத் தொடங்கி, விட்டு விட்டு எழுதி, பல மாதம் கழித்தே முடித்தார். தன்னைப்போல் அசட்டையாய் இருந்துவிடாதபடி சகோதரிகளையும் அவர்கள் பெண்பிள்ளைகளையும் எச்சரிக்கவும் அதை எழுதினார்.

1812-ல் ஊர் திரும்பி வயதான தகப்பனாரைக் கண்டார். 1814-ல் இன்னொரு நாவல் வெளியிட்டார். 1818-ல் கணவரை இழந்தார். எண்பது வயதில் தகப்பனாரின் சரித்திரத்தை மூன்று பாகமாய் எழுதி வெளியிட்டார். குருவானவராயிருந்த மகனையும் 1837-ல் அடக்கம் பண்ணினார். 1840-ல் 87-ம் வயதில் மரித்தார். அந்தக் கட்டி புற்றுநோய்தானா என்று இன்றைக்குச் சிலர் சந்தேகப்படுவதுண்டு. ஆனால் அவர் அதை மரண வியாதியாகவே சுமந்தார்; பிறகு 28 வருஷம் உயிரோடிருந்தார்.

அன்பான சகோதரிகளே, மார்பில் கட்டியோ மாற்றமோ தெரிந்தால், வலி இல்லையே என்றும் இருந்துவிடாதேயுங்கள். உடனே டாக்டரிடம் போங்கள். இன்று மயக்க மருந்து உண்டு. ஆரம்பத்திலே கண்டால் நல்ல சிகிச்சையும் உண்டு. அழுகை வந்தால் அழுங்கள், அது அவிசுவாசம் அல்ல. சிகிச்சை முடிந்து வந்தவர்களிடம், அதான் சரியாயிடுச்சே என்று சொல்லி வாயை அடைக்காமல், அவர்கள் பேசுமட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.