சவக்குழி மண்ணையும் சோதித்தவர்

பாரிஸ் 20ஆம் வட்டாரத்தில் ரு ஒர்ஃபிலா என்று ஒரு தெரு இருக்கிறது. லாச்சப்பலில் இருந்து அதிகம் தூரமில்லை. பெயருக்குரியவர் மத்தியோ ஒர்ஃபிலா, 1787இல் ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில் பிறந்து, இருபது வயதில் இங்கு படிக்க வந்தவர்.

1813இல் வகுப்பொன்றில் கோப்பிக்குள் ஆசனிக்கைக் கலந்து சோதித்துக் காட்டினார். எதிர்பார்த்த வீழ்படிவு வரவில்லை. நஞ்சு உணவோடு கலந்தால் பழைய சோதனைகள் பொய்த்துவிடும் என்பது அன்றுதான் பிடிபட்டது. அதிலிருந்தே அவரது நஞ்சியல் நூல் பிறந்தது. 1831இல் பாரிஸ் மருத்துவ பீடத்தின் பீடாதிபதியானார். வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு இது சின்ன விடயமில்லை.

1840இல் தூல் நகரில் மரி லஃபார்ஜ் வழக்கு. கணவருக்கு ஆசனிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. தோண்டியெடுத்த உடலில் நஞ்சில்லை என்று உள்ளூர் இரசாயனவியலாளர்கள் சொல்லிவிட்டார்கள். பாரிசில் இருந்து போன ஒர்ஃபிலா, அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மார்ஷ் சோதனையைத் திரும்பச் செய்தார். ஆசனிக் வாயுவாக எழுந்து, சூடான கண்ணாடிக் குழாயில் கறுப்பாகப் படியும் சோதனை அது. படிந்தது. அது சவப்பெட்டியைச் சூழ்ந்த மண்ணிலிருந்தோ, பாவித்த இரசாயனங்களிலிருந்தோ வந்ததல்ல என்றும் காட்டினார். என்னைக் கேட்டால், அவருடைய பெருமை இதில்தான்.

மரிக்கு ஆயுள் தண்டனை. தீர்ப்புச் சரியா என்ற சண்டை அதன் பிறகும் ஓயவில்லை. 1848 புரட்சியோடு ஒர்ஃபிலாவின் பீடாதிபதிப் பதவி பறிபோனது. 1853இல் பாரிசிலேயே இறந்தார். மொன்பர்னாஸ் மயானத்தில் அடக்கம்.