முதலாளிக்கு முகப்பூச்சு

சரக்கை விற்க விளம்பரம் வேண்டும். இது தெருவில் கூவி விற்பவருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் சரக்கோடு சேர்த்து முதலாளியின் நற்பெயரையும் விற்கலாம், அதையே ஒரு தொழிலாக நடத்தலாம் என்று காட்டியவர் அமெரிக்காவின் ஐவி லீ. இன்று பெரிய கம்பெனிதோறும் மக்கள் தொடர்பு அதிகாரி என்று ஒருவர் அமர்ந்திருக்கிறாரே, அந்த நாற்காலியைச் செய்து வைத்தவர்களில் முதன்மையானவர் இவர். தொழிலாளத் தோழர்கள் அறிய வேண்டிய கதை இது.

1877இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார் லீ. பிரின்ஸ்டனில் பட்டம் பெற்று, நியூயார்க்கில் பத்திரிகை நிருபரானார். அந்நாளில் பெருமுதலாளிகள் நிருபர்களைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். ஊருக்குப் பதில் சொல்ல நமக்கென்ன தலையெழுத்து என்ற மமதை! அந்த மமதையே அவர்களுக்குப் பகை என்று கண்டுகொண்டார் லீ. 1906இல் நிலக்கரி முதலாளிகளுக்காக வேலை செய்தபோது, பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். எங்கள் வேலை ஒளிவு மறைவற்றது, தரும் செய்தி சரியானது, ஐயமிருந்தால் கேட்டுச் சரிபார்க்கலாம் என்பது அதன் சாரம். பென்சில்வேனியா ரயில் கம்பெனியில் விபத்து நேர்ந்தபோது, மூடி மறைக்காமல் நிருபர்களை அங்கே அழைத்துப் போகச் செய்தார். கம்பெனியின் பெயர் உயர்ந்தது. இதை நாம் குறை கூறவில்லை. உண்மையைச் சொல்வது யாருக்கும் நல்லதே.

ஆனால், உண்மை முதலாளிக்கு எதிராக நிற்கும்போது லீ எந்தப் பக்கம் நின்றார்?

கொலராடோவில் ராக்பெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்திலிருந்த நிலக்கரிச் சுரங்கங்களில் 1913 செப்டம்பரில் வேலை நிறுத்தம் மூண்டது. சங்கத்தை ஒப்புக்கொள், எட்டு மணி நேர வேலை கொடு என்றனர் தொழிலாளர். கம்பெனி வீடுகளை விட்டுத் துரத்தப்பட்டனர். குளிர்காலம் முழுவதும் கூடாரத்தில் வாழ்ந்தனர். 1914 ஏப்ரல் 20ஆம் நாள் லட்லோ கூடாரங்கள் மீது மாநிலப் படையும் கம்பெனி ஆட்களும் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டனர். கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்தின் கீழ்க் குழியில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறி மாண்டனர்.

நாடே கொதித்தது. ராக்பெல்லரின் மகன் லீயை அழைத்தார். உண்மைகள் என்ற பெயரில் துண்டறிக்கைகள் நாடெங்கும் பறந்தன. அந்த உண்மைகள் எப்படிப்பட்டவை? சங்கத் தலைவர்களின் ஓராண்டுச் சம்பளம், ஒன்பது வாரச் சம்பளமாக அச்சேறியது! எழுபதைக் கடந்த மூதாட்டி மதர் ஜோன்ஸ் மீது வாய்கூசும் அவதூறு சுமத்தப்பட்டது. அரசு விசாரணைக் குழு 1915இல் லீயைக் கூண்டில் நிறுத்தியது. கம்பெனி கொடுத்ததை அச்சிட்டேன், சரிபார்க்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1906இன் வாக்குறுதி எங்கே போயிற்று? எழுத்தாளர் அப்டன் சின்கிளேர் அவர் பெயரோடு விஷத்தைச் சேர்த்துப் பட்டம் சூட்டினார். அது கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

அதே ஆண்டு இளைய ராக்பெல்லர் கொலராடோ சென்றார். தொழிலாளரோடு உணவருந்தினார், அவர்களின் மனைவியரோடு நடனமாடினார். படங்களும் செய்திகளும் பத்திரிகைகளை நிறைத்தன. கூடவே வந்தது கம்பெனியே நடத்தும் சங்கம். தொழிலாளர் கேட்ட சங்கமோ வரவில்லை. முதலாளியின் கைப்பாவைச் சங்கங்களுக்குச் சட்டம் தடை போட 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லீ பணம் குவித்தார். இறுதியில் ஹிட்லர் காலத்து ஜெர்மானிய ரசாயனக் கம்பெனி ஐ.ஜி.பார்பனுக்கும் ஆண்டுக்கு 25,000 டாலர் பேசி யோசனை கூறினார். 1934இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழு அதைக் கேள்வி கேட்டது. அந்த நவம்பரிலேயே, 57 வயதில் மூளைக் கட்டியால் மாண்டார்.

லீ திறமையற்றவரல்லர். நல்ல கொள்கையை எழுதியவர்தான். ஆனால் கூலி கொடுத்தவன் கையில் உண்மையின் கடிவாளத்தையும் கொடுத்துவிட்டார். நாளை ஆலை வாசலில் வழவழத் தாளில் அறிக்கை ஒன்று உங்கள் கைக்கு வரும். கிழித்தெறிய வேண்டாம், படியுங்கள். அச்சிட்டவர் யார், கூலி கொடுத்தவர் யார், கணக்கைச் சரிபார்த்தவர் யார் என்று கேளுங்கள். லட்லோ குழியில் மாண்ட 11 குழந்தைகள் நமக்கு விட்டுச் சென்ற கேள்விகள் அவை!